இருபது முறை அலசிய சட்டை

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை யூனிஃபார்ம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான். எதிர்வீட்டுப் பல்லுப்போன பெரியவர்கூட "அக்கா, இந்தப் பட்டனைக் கொஞ்சம் தைச்சுக் குடுங்க" என்று வந்து நிற்பார். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். சேர்ந்தாற்போலப் பத்து வார்த்தை அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அளவு தப்பாகிவிட்டது என்று குதித்துக்கொண்டு வருகிறவர்களிடமும் "குடுங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று கையை நீட்டுவாளே தவிர, தப்பு யாருடையது என்று ஒரு நாளும் வாதாட மாட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் அதைத் தங்கமான குணம் என்றார்கள். தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. பேச வராத குணம், அவ்வளவுதான். அந்தக் குணம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேளுங்கள்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதுதான் கடை. ஒரு தையல் மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓர் ஓவர்லாக் மிஷின், துணி வெட்டும் பெரிய மேஜை, சுவரோரம் கட்டுக்கட்டாகத் தைத்து அடுக்கிய பள்ளிச் சட்டைகள். மூன்று பள்ளிக்கூடங்களுக்கு அவள்தான் யூனிஃபார்ம் தைத்தாள். கழுத்துப் பட்டைக்குள் பள்ளியின் முத்திரை போட்ட லேபிளை வைத்துத் தைப்பது கடைசி வேலை. நகம் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் கெட்டியான பளபளப்புத் துணி, நாலு ஓரமும் சுரசுரவென்று நிற்கும். பக்கத்துப் பள்ளிக்கு மட்டும் வருஷத்துக்கு எண்ணூறு கழுத்து, எண்ணூறு லேபிள். அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தைக்க வரும்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன் கிளம்பிப் பிற்பகலில் வருவார். வரும்போது மாடிப்படியின் முதல் படியிலேயே பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திருடன் மாதிரி அடிமேல் அடி வைத்து ஏறுவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "பஸ்ஸுல அத்தனை பேரை மெரட்டுறவரு, வீட்டுக்குள்ள எலி மாதிரி நுழையறாரே" என்பார்கள். காரணம் மாடியில் இருந்தது. அவர்களுடைய ஆறு வயதுப் பெண்.

அவளை அப்பா முயல் என்று கூப்பிடுவார். எல்லாம் அந்தக் காதால்தான். நாலு தெரு தள்ளிப் போகிற சைக்கிள் மணி அவளுக்குப் பக்கத்தில் அடிப்பதுபோலக் கேட்கும். குழாயைச் சட்டென்று திறந்தால் வீறிடுவாள். தலை வாரினால் தோலை உரிப்பதுபோல அழுவாள். கைக்குழந்தையாக இருந்தபோது எந்தச் சட்டை போட்டாலும் கத்தினாள். தாய் தையல்காரி, பிள்ளைக்குத் துணி ஆகவில்லை, எப்படி இருக்கிறது பாருங்கள். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க, ரெண்டு அடி போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று ஆளுக்கு ஆள் மருந்து சொன்னார்கள். அக்கா வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு தெரபி அம்மாதான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். "உங்க பொண்ணு அடம் பிடிக்கல. நமக்கு ரேடியோவுல ரெண்டாம் நம்பர்ல கேக்குறது அவளுக்குப் பத்தாம் நம்பர்ல கேக்குது. காது மட்டும் இல்ல, தோலும் அப்படித்தான், மூக்கும் அப்படித்தான். கூட்டிக் குறைக்கிற திருகு அவ கையில இல்லம்மா. நாமதான் சுத்தியிருக்கிறதைக் குறைக்கணும்."

அன்று வீட்டுக்கு வந்து அக்கா ஒரு மணி நேரம் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கத்தரியை எடுத்தாள். வேறு என்ன தெரியும் அவளுக்கு?

பக்கத்துப் பள்ளியில் சேரும்போது முயலுக்கு என்று தனியாக ஒரு யூனிஃபார்ம் பிறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மற்ற எண்ணூறுக்கும் இதற்கும் இம்மியளவு வித்தியாசம் சொல்ல முடியாது. உள்பக்கம்தான் வேறு. ஓரங்களை எல்லாம் பிசிறு உடம்பில் படாமல் மடிப்புக்குள் மடிப்பாக வைத்துத் தைத்திருந்தாள். காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணி கிடையாது, லேபிள் கிடையாது. யாராவது காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று, லேபிள் இருக்கவேண்டிய இடத்தில் அதே நிறத்து மெல்லிய நூலால் முத்திரை மாதிரியே ஒரு சின்ன எம்பிராய்டரி போட்டிருந்தாள். என்ன ஒரு திருட்டுத்தனம்! கனம் இருந்தால் உடம்பு அமைதிப்படும் என்று தெரபி அம்மா சொன்னதால், பாவாடையின் கீழ்மடிப்பில் வீட்டுக்காரரின் டிப்போவிலிருந்து வந்த பதினோரு சின்ன நட்டுகளைச் சத்தம் வராமல் பஞ்சில் சுற்றித் தைத்து வைத்தாள். காதை மூடுகிற இடத்தில் பஞ்சு வைத்து அகலமான தலைப்பட்டை ஒன்று செய்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அலசல். புதுத் துணியில் மில்லில் போட்ட கஞ்சி போகவேண்டும். இருபது முறை அலசிக் காயவைத்தால்தான் முயலின் தோல் அதை ஒத்துக்கொள்ளும். பத்தொன்பது போதாது, அதையும் பார்த்தாயிற்று. தாயும் மகளும் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அக்கா அலச, முயல் எண்ணுவாள். முயலுக்கு எண் வந்ததே அப்படித்தான். இருபது என்று சொன்னதும் ஈரத் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். "ஆச்சும்மா" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அக்கா இருநூறு முறை அலசவும் தயாராக இருந்தாள்.

இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொன்னாளா? இல்லை. அங்கேதான் கோணல். பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில் 'குழந்தைக்குச் சிறப்புத் தேவை ஏதேனும் உண்டா' என்று ஒரு கேள்வி இருந்தது. அக்கா அதில் ஒரு கோடு இழுத்துவிட்டாள். அதற்கு முந்தின வருஷம் இன்னொரு மழலையர் பள்ளியில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிச் சேர்த்தார்கள். பன்னிரண்டே நாளில் "எங்களால பாத்துக்க முடியாது" என்று பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சூடு பட்டவளுக்குப் பயம் இருக்காதா? வாயால் சொன்னால்தானே வம்பு, உள்ளுக்குள்ளேயே தைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தாள். ஒரு தையல்காரிக்குத்தான் அப்படித் தோன்றும்.

ஏழு மாதம் ஓடியது. பள்ளியில் முயல் சாதுப் பிள்ளை என்று பெயர் வாங்கினாள். வகுப்பு டீச்சர் ஒரு சின்ன வயதுப் பெண், எல்லோருக்கும் சின்ன மிஸ். "இவ இருக்கிற இடமே தெரியாது" என்று அவள் மெச்சுவாள். அந்தச் சாதுப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வாள் என்று அந்தச் சின்ன மிஸ்ஸுக்குத் தெரியாது. பையைப் போட்டுவிட்டு நேராக வெட்டும் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய், துண்டுத் துணிக் குவியலுக்குள் புகுந்துகொள்வாள். ஒரு மணி நேரம் பேச்சு இருக்காது. அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் மேல் போட்டுக்கொண்டே இருப்பாள். ஓவர்லாக் மிஷின் சத்தம் ஆகாது என்பதால் அந்த வேலையெல்லாம் பள்ளி நேரத்திலேயே முடிந்துவிடும். இத்தனையும் எவர் கண்ணிலும் படவில்லை.

எட்டாவது மாதம் பள்ளியில் ஒரு புது விதி வந்தது. தலைப்பட்டை என்றால் மெல்லிய கறுப்புப் பட்டைதான், வேறு எதுவும் கூடாது. திங்கட்கிழமை காலை வாசலிலேயே முயலின் பஞ்சுப் பட்டையைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். பத்தரை மணிக்குக் கூடத்தில் மொத்தப் பள்ளியும் கூடியது. மைக்கு கீச்சிட்டது, அதற்குள் மணியும் அடித்தது. முயல் தரையில் விழுந்து புரண்டு, தூக்க வந்த பையனின் கையைக் கடித்து, சின்ன மிஸ்ஸின் முகத்தில் காலால் உதைத்துவிட்டாள்.

அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைமையாசிரியைக்குப் பெரிய மேடம் என்று பெயர். ஆள் கொடுமைக்காரி எல்லாம் இல்லை, முன்கோபம் உண்டு, அதற்குச் சரிசமமாக நியாயமும் உண்டு. ஆனால் கண்ணால் பார்க்காததை நம்பமாட்டாள்.

"ஏழு மாசமா ஒரு சத்தம் இல்லாத புள்ள, திடீர்னு எப்படிம்மா இப்படி மாறும்? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லீங்க மேடம். அவளுக்குச் சத்தம் ஆகாது. துணி உறுத்தினாலும் தாங்க மாட்டா."

"எந்தத் துணி? நீங்க தைச்சுக் குடுக்கிற அதே யூனிஃபார்மைத்தானே எண்ணூறு புள்ளைங்க போட்டிருக்கு? உங்க பொண்ணும் அதைத்தானே இத்தனை நாளா போட்டுட்டு வர்றா?"

இல்லை மேடம், அது அதே துணி இல்லை என்று அக்கா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் படிவத்தில் இழுத்த கோடு ஞாபகம் வந்தது, பொய் எம்பிராய்டரி ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரிய மேடம் பெருமூச்சு விட்டாள். "நான் உங்க பொண்ணுக்கு எதிரி இல்லம்மா. ஆனா அந்த வகுப்புல இன்னும் முப்பது புள்ளைங்க இருக்கு. ரெண்டு நாள் வீட்டுல வச்சிருங்க. வியாழக்கிழமை அனுப்புங்க. நானும் மிஸ்ஸும் அன்னைக்கு முழுக்க அவளைக் கவனிக்கிறோம். நிஜமாவே அப்படி ஒரு கஷ்டம் இருக்குன்னா அதுக்குத் தக்கபடி நாங்க மாறிக்கிறோம். ஒண்ணும் தெரியலன்னா, கடிக்கிற புள்ளைய நான் இங்க வச்சுக்க முடியாது. ஆத்துக்கு அந்தப் பக்கம் சிறப்புப் பள்ளி இருக்கு, அங்க பாத்துக்கோங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் இரண்டு பஸ், ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம், ஹாரனும் புகையும் இடியும் நெருக்கலுமாக. குழாய்ச் சத்தத்துக்கே வீறிடுகிற முயலை அதில் எப்படி ஏற்றுவது?

செவ்வாய்க்கிழமை தெரபி அம்மாவிடம் ஓடினாள். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனையும் செஞ்சிருக்கீங்க, ஒருத்தர்கிட்டயும் சொல்லலயா? நீங்க அவ கஷ்டத்தைப் போக்கலம்மா, மூடி வச்சிருக்கீங்க. நேராப் போங்க. அந்தச் சட்டையைத் திருப்பி மேஜையில போட்டுச் சொல்லுங்க, இதனாலதான் எம் பொண்ணு இத்தனை நாள் உக்காந்திருந்தான்னு. இந்தக் கடிதத்தையும் குடுங்க. அடுத்த வாரம் நானே வந்து பேசுறேன்."

புதன்கிழமை அக்கா கடிதத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சட்டை பைக்குள்ளேயே இருந்தது. பெரிய மேடம் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்து, மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தாள். "பேப்பர்ல என்ன வேணா எழுதலாம். நாளைக்கு நாங்களே பாக்குறோமே" என்றாள். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் மிஷின் முன்னால் உட்கார்ந்து, "மேடம், இந்தச் சட்டையப் பாருங்க" என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். பத்துத் தடவையும் அதற்கு மேல் வரவில்லை.

"பேசினா எவன் நம்புறான்? கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க" என்றார் வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே. அவர் ஏதோ பொதுவாகச் சொன்னார். அக்காவுக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை காலை, முயலின் சட்டையை எடுக்காமல், சுவரோரக் கட்டிலிருந்து இருபத்திரண்டாம் அளவில் ஒரு சட்டையை உருவினாள். கஞ்சி மொடமொடக்க, காலர் அட்டை மாதிரி நிற்க, உள்ளே லேபிளோடு, எல்லாப் பிள்ளைகளும் போடுகிற அதே சட்டை. பாவாடையும் கட்டிலிருந்துதான். பத்து மணிக்குள் பிள்ளை கத்துவாள், அவர்கள் பார்ப்பார்கள், போன் வரும், ஓடிப்போய் நல்ல சட்டையை மாட்டித் தூக்கிவந்துவிடலாம். ஒரு மணி நேர வேதனை, அப்புறம் வருஷமெல்லாம் நிம்மதி என்று கணக்குப் போட்டாள். அப்படிக் கணக்குப் போட்ட கையை வெட்டிப் போட்டால் என்ன என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

முயல் சட்டையைத் தொட்டதுமே கையை இழுத்துக்கொண்டாள்.

"இது என்னோடது இல்லம்மா."

"உன்னோடதுதான்டா. புதுசு."

"அலசலயே."

"அலசியாச்சு. இருபது தடவை."

"நான் எண்ணலயே?"

"நீ தூங்கிட்டிருந்தப்ப அலசினேன்."

முயல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சட்டையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்குத் துணி விஷயத்தில் பொய் சொல்லாத ஒரே ஆள் அம்மா. கையைத் தூக்கிக் கொடுத்தாள். போட்டு முடிந்ததும் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு நடந்தாள். பள்ளி வாசல்வரை அப்படித்தான்.

அக்கா கடைக்கு வந்து போனை மிஷின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நல்ல சட்டை பைக்குள் தயாராக இருந்தது. ஒன்பதரை ஆனது. பத்தானது. போன் வரவில்லை. பத்தரைக்கு மணி அடித்திருக்கும், இதோ வரும் என்று பார்த்தாள். வரவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையின் இடது கையைக் கொண்டுபோய் வலது தோளில் தைத்துவிட்டுப் பிரித்தாள். மறுபடியும் அதே தப்பைச் செய்தாள். பதினொன்றரைக்குத் தானாகவே அவள் வாய் முணுமுணுத்தது, "கத்திடுடி, கத்திடுடி கண்ணு." என்ன கொடுமை பாருங்கள்! உலகத்தில் எந்தத் தாயாவது பெற்ற பிள்ளை கத்தவேண்டும் என்று வேண்டிக்கொள்வாளா? இவள் வேண்டிக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. சின்ன மிஸ்தான். "அக்கா, கொஞ்சம் வர்றீங்களா? பயப்படாதீங்க. ஆனா உடனே வாங்க."

நடந்தது இதுதான். காலையிலிருந்து முயல் கத்தவே இல்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, மணி அடித்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பெரிய மேடம் பதினொரு மணிவரை பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். ஏன் கத்தவில்லை? அம்மா இருபது முறை அலசியாயிற்று என்று சொல்லியிருக்கிறாள். அம்மா சொன்னால் சட்டை சரியாகத்தான் இருக்கும். அப்படியானால் தன்னிடம்தான் ஏதோ தப்பு. அந்தக் குழந்தை தன் தோலையே குற்றம் சொல்லிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தது.

ஒரு மணிக்குக் கழிப்பறைக்குப் போகிறேன் என்று போனவள் திரும்பி வரவில்லை. சின்ன மிஸ் தேடிக்கொண்டு போனாள். பின்பக்கம் கை கழுவும் வரிசைக் குழாய்களில் ஒன்று முழுசாகத் திறந்திருந்தது. முயல் பனியனோடு நின்று, தண்ணீருக்கு அடியில் சட்டையைப் பிடித்து முக்கி முக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் தாங்காமல் உடம்பெல்லாம் நடுங்கியது, கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கையை மட்டும் நிறுத்தவில்லை. பின்கழுத்தில் லேபிள் உராய்ந்த இடத்தைச் சொறிந்து சொறிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"என்னடா பண்ற?" என்று சின்ன மிஸ் பதறிக்கொண்டு குழாயை மூடப் போனாள்.

"மூடாதீங்க மிஸ். பதினொண்ணுதான் ஆச்சு, இன்னும் ஒம்பது இருக்கு. அம்மா எண்ணும்போது தப்பா எண்ணிட்டாங்க போல."

சின்ன மிஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காத நேரத்தில் சும்மா இருக்கத் தெரிந்தவள் அவள். குழாயைச் சத்தம் குறைகிற அளவுக்குத் திருகிவிட்டு, ஈரத் தரையில் குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "சரி, சேந்து எண்ணலாமா?" என்றாள். ஒரு பிள்ளையை அனுப்பிப் பெரிய மேடத்தை வரச் சொன்னாள், அக்காவுக்குப் போன் போட்டாள்.

அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தபோது பதினெட்டு ஆகியிருந்தது. பெரிய மேடம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. பையைத் திறந்து நல்ல சட்டையை எடுத்து, "வாடா கண்ணு, இதைப் போட்டுக்கோ" என்று நீட்டினாள்.

முயல் அதைத் தொட்டாள். விரல் பட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இதுதான் என்னோடது," என்றாள். அம்மாவின் பையைப் பார்த்தாள். "உன் பையிலதான் இருந்துச்சாம்மா?"

அக்கா பையின் வாயை இழுத்து மூடினாள். முயல் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, சின்ன மிஸ்ஸின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அதற்கப்புறம் பெரிய மேடத்தின் அறையில் அக்காவுக்கு வாய் வந்தது. வாழ்நாள் முழுக்கப் பேசாததையெல்லாம் அன்றைக்குப் பேசினாள். புதன்கிழமை காட்டாமல் பைக்குள்ளேயே விட்டிருந்த முயலின் இன்னொரு சட்டையைத் திருப்பிப் போட்டு ஒவ்வொரு ஓரமாகக் காட்டினாள், பொய் எம்பிராய்டரியைக் காட்டினாள், படிவத்துக் கோட்டைச் சொன்னாள், மேஜைக்கு அடியில் பிள்ளை ஒளிந்துகொள்வதைச் சொன்னாள், பன்னிரண்டாம் நாள் பையைக் கொடுத்து அனுப்பிய கதையைச் சொன்னாள். இன்று காலை சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. அழுகையும் பேச்சுமாக ஒன்றன் மேல் ஒன்று விழுந்தது. சின்ன மிஸ் சட்டையின் உள்மடிப்பில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டாள். பெரிய மேடம் அந்த ஈரச் சட்டையை எடுத்து, லேபிளைத் தன் கழுத்தில் வைத்து இரண்டு முறை தேய்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா மேடம்?"

"தெரியலம்மா," என்றாள் பெரிய மேடம். நியாயஸ்தி என்றுதான் சொன்னேனே.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தாள். பஞ்சுப் பட்டை முயலின் தலைக்குத் திரும்பி வந்தது. சுவரோர இடம் கிடைத்தது, வரிசையில் யாரும் இடிக்காதபடி கடைசி ஆளாக வரலாம் என்று ஆனது. மணி அடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் சின்ன மிஸ் அவள் மேஜையில் விரலால் லேசாகத் தட்டிவிடுவாள், முயல் காதைப் பொத்திக்கொள்வாள். கூட்டம் கூடுகிற நாளில் நூலகத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். கடி வாங்கிய பையன்கூட, "அவளுக்குச் சத்தம் வலிக்கும்டா, கத்தாத" என்று மற்றவர்களை அதட்டுகிற அளவுக்கு வந்துவிட்டான். அடுத்த வருஷத்துச் சட்டைகளில் லேபிளை உள்ளே வைக்கவேண்டாம், சட்டைப்பையின் வெளிப்பக்கம் வைத்துத் தைத்துவிடுங்கள் என்று அக்காவுக்கு ஆர்டர் வந்தது. தெரபி அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஒரு பள்ளிக்கூடம் இவ்வளவு புரிஞ்சுக்கிட்டு நான் பாத்ததில்ல" என்று பூரித்துப்போனார்.

எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்காரர்கூட "நான் சொல்லல? கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்கன்னு?" என்று பெருமை அடித்துக்கொண்டார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் முயல் ஒன்றும் மாறிவிடவில்லை என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். சாப்பிட்டாள், சிரித்தாள், அப்பாவின் பூட்ஸை வாங்கி ஓரமாக வைத்தாள். அம்மா கேட்டால் பதில் சொன்னாள். ஆனால் அம்மா எதை நீட்டினாலும், துண்டோ போர்வையோ தலையணை உறையோ, முதலில் அதைத் திருப்பினாள். ஓரம் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தாள். சந்தேகம் தீர்ந்த பிறகுதான் எடுத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இருந்தாலாவது சமாதானம் சொல்லலாம். அது இல்லை. ரோட்டைக் கடப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்ப்போமே, அப்படிச் சர்வசாதாரணமாகப் பார்த்தாள். "நல்லாத்தான்டா இருக்கு, அம்மா பாத்துட்டேன்" என்று அக்கா முதலில் எல்லாம் சொல்வாள். அப்போது முயல் இன்னொரு தடவை விரலை ஓட்டுவாள். அதற்கப்புறம் அக்கா சொல்வதை விட்டுவிட்டாள்.

இரண்டாம் வகுப்புக்குப் போகும்போது முயல் வளர்ந்துவிட்டாள், பழைய சட்டை தோளில் பிடித்தது. அக்கா பதினைந்து நாள் எடுத்துப் புதுச் சட்டை ஒன்று தைத்தாள். இதுவரை தைத்ததிலேயே இதுதான் மிருதுவானது. தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், கண்ணிமையில் வைத்துப் பார்த்தாள், ஓரிடத்திலும் உறுத்தவில்லை. பள்ளி திறக்கும் நாள் காலை அதை மகளிடம் கொடுத்தாள். முயல் திருப்பினாள், விரலை ஓட்டினாள். ஓட்டிவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தோளைப் பிடிக்கிற பழைய சட்டையையே போட்டுக்கொண்டாள்.

"ஏன்டா? அது நல்லாயில்லையா?"

"தெரியல," என்றாள் முயல். "மிஸ் தொட்டுப் பாத்துட்டுச் சொல்வாங்க. அவங்க சரின்னு சொன்னா அங்கேயே போட்டுக்கறேன்."

சின்ன மிஸ் அந்த வருஷமும் முயலின் வகுப்புக்கே வந்திருந்தாள். பெரிய மேடத்தின் ஏற்பாடு அது. அக்கா கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். வராந்தாவில் முயல் பையைத் திறந்து சட்டையை எடுத்துக் கொடுத்தாள். சின்ன மிஸ் மண்டியிட்டு உட்கார்ந்து, அதை உள்பக்கமாகத் திருப்பி, கழுத்திலும் கக்கத்திலும் பொறுமையாக விரலை ஓட்டிப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். முயல் சிரித்துக்கொண்டே சட்டையை வாங்கிக்கொண்டு மாற்றுவதற்கு உள்ளே ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சின்ன மிஸ் எழுந்து, கேட்டருகே நிற்கிற அக்காவைப் பார்த்துவிட்டாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று முகம் மலர்ந்து கையை ஆட்டினாள். அக்காவும் கையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?